வேலூருக்குக் குடிவருகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்

வேலூரில் வீடு தேடி வருகிறவர்கள் முதலில் தண்ணீர் எப்படி என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அடுத்து வாடகை, அட்வான்ஸ், வண்டி நிறுத்த இடம். "இந்த வீட்டுக்கு ஈபி மீட்டர் எது?" என்று கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். சித்திரை பிறந்து வெயில் ஏறி, முதல் பில் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதற்குள் அட்வான்ஸ் போயிருக்கும், சாமான் இறங்கியிருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் சேர்த்தாகியிருக்கும்.

நாங்களும் போளூரில் இருந்து அப்படித்தான் வந்தோம். இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த நர்ஸ் பெண்கள், ராணிப்பேட்டை கம்பெனிக்குப் போய்வருகிறவர்கள், பிள்ளையைக் காட்பாடியில் படிக்கவைத்துக் கூடவே தங்கும் அம்மாக்கள் என்று தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஈபி கார்டையும் கேஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரச் சலுகை மீட்டரோடு ஒட்டியது. கேஸ் மானியம் ஆளோடு ஒட்டியது. உங்கள் பெயரில் மீட்டர் இல்லை என்பதால் சலுகை இல்லாமல் போகாது. ஆனால் நீங்கள் பயன்படுத்தும் மீட்டர் உங்களுக்கு மட்டுமானதாக இல்லாவிட்டால் சலுகை வேறு எங்கோ கரைந்துபோகும்.

வீடு பார்க்கப் போகும் அன்றே

மாடிப்படி அடியிலோ வாசல் தூணிலோ மீட்டர் பெட்டி இருக்கும். எத்தனை குடித்தனம், எத்தனை மீட்டர் என்று எண்ணுங்கள். மூன்று குடித்தனத்துக்கு மூன்று ஈபி மீட்டரும், பொது விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனியாக ஒன்றும் இருந்தால் நிம்மதி. ஒரே ஒரு ஈபி மீட்டரும் அதன் பக்கத்தில் வீட்டுக்காரர் கடையில் வாங்கி மாட்டிய சப் மீட்டர்களும் இருந்தால் அங்கேயே நின்று பேசிவிடுங்கள்.

எங்கள் முதல் வீட்டில் இதுதான் நடந்தது. "யூனிட்டுக்கு எட்டு ரூபா, இங்க எல்லா வூட்லயும் அதான் ரேட்டும்மா" என்று சொன்னார்கள். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று தலையாட்டினோம். கணக்கைப் போட்டுப் பார்த்தது வெகுநாள் கழித்துத்தான்.

அந்தக் கணக்கை 2024 ஜூலைக் கட்டணத்தில் போட்டுக் காட்டுகிறேன். மூன்று குடித்தனம், இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 150 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி மீட்டராக இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். மிச்சம் 50 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 117 ரூபாய் 50 காசு. மூன்று வீட்டுக்கும் சேர்த்து 352 ரூபாய் 50 காசு. அதே 450 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் பில் 1,490 ரூபாய். அதையே யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று மூவரிடமும் வாங்கினால் 3,600 ரூபாய். மூன்று குடும்பத்துக்கும் சேர வேண்டிய 300 இலவச யூனிட்டில் 200 அப்படியே இல்லாமல் போகிறது. மிச்சமிருக்கும் 100 யூனிட்டின் பலனும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை.

வீட்டுக்காரரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, "ஈபி பில் எவ்வளவு வருதோ அதை யூனிட் கணக்குப்படி பிரிச்சுக்கலாம்ங்க" என்று கேளுங்கள். நியாயமானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தனிச் சமையலறையோடு தனிக் குடும்பம் வாழும் பகுதிக்குத் தனி இணைப்புக்கு வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். பேசி முடித்ததை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கோபத்தில் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: லாட்ஜ் இணைப்பு வணிக இணைப்பு, அதற்கு இலவச யூனிட் கிடையாது. ஒரு மாதத்துக்கு மேல் தங்கும் நிலை என்றால் தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பக்கம் சின்னதாக ஒரு வீட்டை எடுப்பது வாடகையிலும் கரண்டிலும் லாபமாக இருக்கும்.

சாவி வாங்கிய அன்று

மூன்று வேலை. மீட்டரில் ஓடும் யூனிட் எண்ணைப் போனில் படம் எடுங்கள். திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி வரும். யூனிட் எண் வரும்வரை பொறுங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுப்பது நல்லது. அடுத்து, ஈபி கார்டில் உள்ள இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலூர் மண்டலத்து எண் 08 என்று தொடங்கும். அந்த எண்ணை மின்வாரியத்தின் இணையதளத்திலோ செயலியிலோ போட்டு, முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் போன் எண்ணையும் அங்கே பதிந்துவிட்டால் பில் தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும்.

மூன்றாவது வேலையை யாரும் செய்வதில்லை. வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணையுங்கள், பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு கீழே போய் மீட்டரைப் பாருங்கள். மீட்டரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு அது எத்தனை முறை மினுக்க வேண்டும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும்; பல மீட்டர்களில் 3200. வீட்டில் எதுவும் ஓடாதபோது அந்த விளக்கு மினுக்கக் கூடாது. மினுக்கிக்கொண்டே இருந்தால் வயரில் கசிவு இருக்கலாம், அல்லது பக்கத்துப் போர்ஷன் லைட்டோ பொது மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடலாம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் இப்படித்தான் கண்டுபிடித்தார். மொட்டைமாடி விளக்கும் கீழ்வீட்டு மோட்டாரும் அவர் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 25, 30 யூனிட் ஆகிவிடும்.

ஆதார் பற்றிப் பலருக்குக் குழப்பம். இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கும் வேலை 2022 நவம்பரில் தொடங்கியது. வீட்டுக்காரர் ஆதாரையும் இணைக்கலாம், குடியிருப்பவர் ஆதாரையும் இணைக்கலாம். குடியிருப்பவர் ஆதாரை இணைத்தால் வீடு கைமாறிவிடும் என்று சில வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வீட்டு உரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

500 என்ற எண்

பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது. பணம் போகும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. வருமானச் சான்றிதழ் வேண்டாம், மனு வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம். பில்லிலேயே கழித்துவிடுவார்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் பெரிதாக ஏறியது. அதன்பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணத்தைத் திருத்துகிறார்கள். 2023 ஜூலையிலும் 2025 ஜூலையிலும் வீடுகளுக்கான உயர்வைத் தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலை உயர்வு வீடுகளுக்கும் வந்தது. அந்த 2024 கணக்குதான் நான் இங்கே போடுவது. ஜூலை தாண்டிய முதல் பில்லில் உங்கள் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

500 யூனிட் வரை போனால்: முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,805 ரூபாய்.

501 ஆனால்? அந்த 2.35 ரூபாய்ச் சலுகை அடியோடு போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 500க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

2023 மே மாதம் எங்கள் வீட்டில் 506 யூனிட் காட்டியது. அன்றைய கட்டணத்தில் 500க்கு 1,725 ரூபாய், 506க்கு 1,998 ரூபாய். ஆறு யூனிட்டுக்கு 273 ரூபாய். அந்த ஆறு யூனிட் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒரு சாவுக்குப் போக வேண்டி அவசரமாகக் கிளம்பியதில் படுக்கையறை ஏசியை அணைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம். ராத்திரி திரும்பி வந்தபோது அறை ஜில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் ரீடிங் எடுத்த தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் யூனிட்டை எழுதிவைக்கிறோம். முப்பதாம் நாள் ஒருமுறை, நாற்பத்தைந்தாம் நாள் ஒருமுறை மீட்டரைப் பார்ப்போம். நாற்பத்தைந்தாம் நாள் 400 தாண்டியிருந்தால் கடைசிப் பதினைந்து நாளும் பகலில் ஏசி கிடையாது, கூலர் மட்டும்தான். கடந்த இரண்டு கோடையிலும் 500க்குள் நின்றுவிட்டோம்.

ரீடிங் எடுப்பவர் வரும் நாளில் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பூட்டியிருந்தால் பழைய கணக்கை வைத்து ஒரு தொகை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பத்து நாள் தாமதமாக வந்தால் உங்கள் கணக்கில் எழுபது நாள் யூனிட் ஏறி, 440ல் நிற்க வேண்டியது 500ஐத் தாண்டிவிடும். அப்படி ஆனால் இரண்டு ரீடிங் தேதியையும் எழுதி, பிரிவு அலுவலகத்தில் உதவி மின் பொறியாளரிடம் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

வேலூர் வெயிலில் எதைக் குறைப்பது

குறைப்பது என்றால் புழுங்கிச் சாவது என்று அர்த்தமில்லை. அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊர்க் கான்கிரீட் வீட்டுக்குள் பச்சைக்குழந்தையையோ வயதானவரையோ காற்றில்லாமல் வைத்திருக்கவே கூடாது. அவர்களுக்கான ஏசியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வேறு இடத்தில் பாருங்கள்.

முதலில் ஃபேன். பழைய ஃபேன் ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். மூன்று ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட். ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். அதே ஓட்டத்துக்கு 65 யூனிட் போதும். மிச்சம் 97 யூனிட், உங்களை 500க்கு அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் கொண்டுவர அது போதும். வாடகை வீட்டில் எதற்குச் செலவு என்று நினைக்காதீர்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பழைய ஃபேனைப் பரணில் போட்டுவைத்திருந்து திரும்ப மாட்டிக்கொடுத்துவிடுங்கள்.

ஏசி புதிதாக வாங்குவதாக இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த காசை ஐந்து நட்சத்திர மாடலுக்குப் போடுங்கள். ஏசியில் ஒரு டிகிரி ஏற்றிவைத்தால் ஆறு சதவீதம் வரை மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 26ல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

சொந்த வீடு கட்டியோ வாங்கியோ வருகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் இருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். இந்த ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. குடியாத்தம் பக்கம் தறி வைத்து வேலை செய்ய வருகிறவர்கள் தறிக்கான சலுகையைத் தனியாகக் கேளுங்கள். 2023ல் இருந்து இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரை இலவசம்.

கேஸ்

நாம் எரிக்கும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வெளிநாட்டில் இருந்து வருவது. அதனால் விலை நம் கையில் இல்லை. 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச்சில் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. "மானியம் பேங்கில் ஏறவே இல்லையே" என்று கேட்பவர்களுக்கு: சாதாரண இணைப்புகளுக்கு அது 2020லேயே ஏறக்குறைய நின்றுபோனது. இன்று பெரிய மானியம், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உஜ்வலா இணைப்புக்குத்தான். 2025-26ஆம் ஆண்டில் சிலிண்டருக்கு 300 ரூபாய், ஒன்பது சிலிண்டர் வரை என்று இருந்தது.

ஏற்கனவே இணைப்பு இருந்து வேறு ஊரில் இருந்து வருகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் அங்கே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை இங்குள்ள ஏஜென்சியில் காட்டினால் புது டெபாசிட் கட்டி இணைப்பு தொடரும். அடுப்பும் உங்களுடையதே. உஜ்வலாக்காரர்கள் அவசரப்பட்டுப் புது இணைப்பு எடுத்துவிடாதீர்கள், பழையதை மாற்றினால்தான் மானியமும் கூடவே வரும்.

இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பம் என்றால், 18 வயது நிரம்பிய பெண்ணின் பெயரில் உஜ்வலாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு 2021 ஆகஸ்டில் ஒரு வழி திறந்தார்கள். உள்ளூர் ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்திருக்கும் குடும்பங்களில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மாதக்கணக்கில் கள்ள விலைக்குக் கேஸ் வாங்கிச் சமைக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுங்கள். சில மாதம் மட்டும் தங்குகிற மாணவர்களுக்கு அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும்.

மானியப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். ஏஜென்சியில் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து ஏறவில்லை என்று அழுத ஒரு அம்மாவுக்கு, எப்போதோ நூறுநாள் வேலைக்காகத் திறந்த கணக்கில் மொத்தப் பணமும் சேர்ந்திருந்தது.

ஏதாவது தவறாகப் போனால்

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்யுங்கள்: 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரே தவறாக ஓடுகிறது என்று சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் மனுக்கொடுத்துக் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். திங்கள்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளிலும் மனுக் கொடுக்கலாம். "இன்று இரவு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று வரும் எஸ்எம்எஸ் மோசடி. பேசாதீர்கள், எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். கேஸ் கசிந்தால் 1906.

கேஸ் வரும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஆங்கில ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், இலக்கம் ஆண்டு. சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு அது. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்க வேண்டாம். அதே பட்டையில் காலி எடையும் எழுதியிருக்கும். அதோடு உள்ளே இருக்க வேண்டிய கேஸின் எடை 14.2 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள். "தம்பி, தராசு எடு, எடை போட்டுடலாம்" என்று சொல்லுங்கள். கொண்டுவருபவரிடம் தொங்கும் தராசு இருக்க வேண்டும். எடை போட்டு, சீல் பார்த்து, போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்த டெலிவரி எண்ணை அதற்குப் பிறகு சொல்லுங்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் நீங்கள் வாங்கிக்கொண்டதாகப் பதிவாகிவிடும்.